நாற்பதாம் நாளுக்கு முன்

மில்பிடாஸ், கலிபோர்னியா

அன்பு மகள் ருஸ்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே மூத்தவள், உன் ராத்தா ஸிபானாவும் அவளுடைய பிள்ளையும் நானும் சுகம், அங்கே தெஹிவளையில் நீயும் மருமகன் இம்தியாஸும் பச்சைப் பிள்ளையும் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். இரண்டு மகள்மாரும் ஒரே மாதத்தில் பெற்றெடுத்தால் ஒரு உம்மா எங்கே போவாள், உனக்கு மருமகனின் உம்மா, உன் மாமி இருக்கிறார், இவளுக்கு இங்கே யாருமில்லை என்றுதான் வந்தேன், அந்தக் கோபம் உனக்கு இன்னும் தீரவில்லை என்று தெரியும். சரக்குத்தூள் கலந்து சாப்பிடுகிறாயா, தலைக்குத் துணி கட்டுகிறாயா? இங்கே பிள்ளை பெற்றவள் குளிர்ந்த தண்ணீர் குடிக்கிறாள், நான் சொன்னால் சிரிக்கிறாள்.

போன் இருக்கும்போது ஏன் காகிதம் என்று நினைப்பாய். நான் பேசும்போதெல்லாம் உன் மாமி ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்திலேயே இருக்கிறார், உன் வாட்ஸ்அப்பையும் அவர்தான் திறந்து பார்க்கிறாராம். அதனால் இதைக் குழந்தைச் சட்டைகளுக்கு நடுவில் மடித்து வைத்திருக்கிறேன். கொண்டுவருகிறவர் இங்கே பழக்கமான சிவகரன் என்ற யாழ்ப்பாணத்துத் தம்பி, நாளை ஊருக்குப் புறப்படுகிறார், பார்சலை உன் கையில்தான் தர வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

விஷயம் இதுதான் மகள். போன கிழமை ராத்தாவின் பிள்ளையை டாக்டரிடம் காட்டப் போனோம். அங்கே நர்ஸ் பத்மராணி, யாழ்ப்பாணத்துப் பிள்ளை, சிவகரனின் அக்கா. தமிழ் கேட்ட சந்தோஷத்தில், பெண்பிள்ளைக்கு நாற்பதாம் நாள் சுன்னத் செய்ய இங்கே நம்மூர் ஒஸ்தா மாமி மாதிரி வெட்டிவிடுகிற பெண் யாராவது இருக்கிறாரா என்று கேட்டுவிட்டேன். அவள் கதவைச் சாத்தினாள். "அம்மா, இதை இஞ்ச கேக்காதேங்கோ. இது பெரிய குற்றம், ஜெயில். ஊருக்குக் கொண்டுபோய்ச் செய்தாலும் குற்றம்தான்" என்றாள். உலகத்தில் இருபத்து மூன்று கோடிப் பெண்களுக்கு மேல் இப்படிப் பிறப்புறுப்பில் வெட்டுப்பட்டவர்கள், எத்தனையோ நாட்டில், எத்தனையோ விதமாக, சின்னக் கீறல் என்றாலும் அதுவும் இதில் சேர்த்திதான் என்றாள். நம் இலங்கையிலோ டாக்டர்மார் செய்யக் கூடாது என்று சுற்றறிக்கை மட்டும் இருக்கிறதாம், தனிச் சட்டம் இல்லையாம். ஒஸ்தா மாமியை யார் தடுப்பது?

ஒஸ்தா மாமியைக் குறை சொல்லி என்ன, ப்ளேன் ஏறுவதற்கு முந்தின நாள் அவரை வீட்டுக்குப் போய்ப் பார்த்து, உன் பிள்ளையின் நாற்பதுக்குச் சொல்லி வைத்துவிட்டு வந்தவளே நான்தான். நான் இல்லாவிட்டாலும் காரியம் நடக்க வேண்டும் என்று உன் மாமியிடமும் பொறுப்புக் கொடுத்தேன். இப்போது போனில் வேண்டாம் என்றால், "நீங்க வேணாம்ண்டா எப்படி, பிள்ளைட வாப்பும்மா வரச் சொல்லீட்டாங்களே" என்று உன் மாமியைச் சாட்டுகிறார் ஒஸ்தா மாமி. உன் மாமியோ, "அமெரிக்கா போனதும் மார்க்கமும் மாறிட்டா?" என்று கேட்டார். மார்க்கத்தில் இது கட்டாயமில்லை என்று இங்குள்ள பள்ளி இமாமிடம் ராத்தா கேட்டுச் சொன்னாள், அதையும் சொன்னேன், காதில் போட்டுக்கொள்ளவில்லை. மருமகன், "அது பொம்புளையள்ட விஷயம் மாமி, எனக்கென்ன தெரியும்" என்று வைத்துவிட்டார். உன் பிள்ளைக்கு இன்று இருபத்தெட்டாம் நாள். டிக்கெட்டை முன்னுக்குப் போட்டுத் தரச் சொன்னேன், கிடைத்தது நாற்பத்திரண்டாம் நாள். இங்கே உட்கார்ந்து கையைப் பிசைவதைத் தவிர எனக்கு ஒன்றும் இல்லை.

அன்றைக்குக் கிளினிக்கில் பத்மராணி பேசி முடித்ததும், ராத்தா என்னைத் திரும்பிப் பார்த்து, "உம்மா, எங்களுக்கும் செஞ்சீங்களா?" என்று கேட்டாள். நான் பிள்ளையின் பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தேன். உனக்கு எழுத்தில் சொல்கிறேன், இரண்டு பேருக்கும் செய்தோம், உங்கள் கால்களைப் பிடித்திருந்தது நான்தான். என் உம்மா எனக்குச் செய்தார், நான் உங்களுக்குச் செய்தேன், யாரும் ஏன் என்று கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததிலிருந்து ராத்தா பிள்ளையை நான் குளிப்பாட்ட விடுவதில்லை. பாத்ரூம் கதவை உள்ளே பூட்டிக்கொள்கிறாள். எனக்கு அழுகை வருகிறது, ஆனாலும் அவள் செய்வது சரி.

அல்லாஹ் உனக்குத் தைரியத்தையும் உன் பிள்ளைக்கு நீண்ட ஆயுளையும் தரட்டும். நேரத்துக்குச் சாப்பிடு. நாற்பதாம் நாள் அறைக் கதவைப் பூட்டிக்கொள், யார் தட்டினாலும் திறக்காதே. பிறகு நான் வந்து தட்டினாலும் யோசித்துத் திற.

உன் உம்மா
ஜெஸீமா