கண்மணிக்குச் சோறு இறங்கவில்லை

பூண்டி
9-5-1963

என் மகன் ஞானவேலுக்கு அம்மா எழுதுவது. பழனியாண்டவன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் நடமாட்டமாய் இருக்கிறோம், பிலாய் வெயிலில் உன் உடம்பு எப்படி இருக்கிறது, உலைப் பக்கம் வேலை என்றாயே, தண்ணீர் நிறையக் குடி. பூண்டு இந்த வருஷம் பரவாயில்லை, பரணில் கட்டிப் புகை போட்டிருக்கிறோம்.

உன் பெண்சாதி கண்மணி விஷயம் எழுதத்தான் உட்கார்ந்தேன். பொங்கலிலிருந்தே அவளுக்குச் சோறு தொண்டையில் நிற்கிறது, முதலில் தோசை இறங்கவில்லை, அப்புறம் சோறு, கடைசியில் கஞ்சியே மடக்கு மடக்காகத்தான் போனது. எங்களோடு உட்கார மாட்டாள், பிறகு சாப்பிடுறேன் அத்தை என்பாள். ஒருநாள் மாட்டுக் கொட்டத்துப் பக்கம் போனால் மென்ற சோற்றைத் துப்பிவிட்டு அழுதுகொண்டு நிற்கிறாள், விழுங்க ஏலலை அத்தை, இங்ஙனயே அடைச்சுக் கெடக்கு என்று தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். ஊரில் சிலர் வீம்பு என்றார்கள், சிலர் காத்துக் கருப்பு, மந்திரிச்சு விடுங்க என்றார்கள், நான் புற்றாக இருக்குமோ என்று பயந்தேன்.

ஒருநாள் விடிய வெள்ளனே லாரி பிடித்துக் கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். டாக்டரம்மா தொண்டையைப் பார்க்கும் முன்னே அவள் கையைப் பிடித்துப் பார்த்தார், நகமெல்லாம் கரண்டி மாதிரி குழிந்திருந்தது, கண் இமைக்குள் ரத்தமே இல்லை. உடம்பில் இரும்புச் சத்து ரொம்பக் குறைந்தால் சில பெண்களுக்கு உணவுக் குழாயின் மேல்பக்கம் ஜவ்வு மாதிரி வளர்ந்து வழி சுருங்கிப்போகும் என்று சொல்லி மதுரைக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே சுண்ணாம்பு போல ஒரு மருந்தைக் குடிக்கவைத்து எக்ஸ்ரே படம் எடுத்தார்கள், கட்டி இல்லை என்றதும்தான் அப்பா உட்கார்ந்தார். பிறகு மயக்கம் கொடுத்து தொண்டை வழியே ரப்பர் குழாயை மெல்லிசில் தொடங்கித் தடிமனாக ஒவ்வொன்றாய் விட்டு வழியை அகலப்படுத்தினார்கள். வீட்டுக்கு வந்து குழைந்த சோறும் ரசமும் தின்றுவிட்டு, இன்னும் கொஞ்சம் போடுங்க அத்தை என்றாள், சோற்றுச் சட்டியையே அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

ஆனாலும் கவலை விடவில்லை. மறுபடி சுருங்கலாம், சுருங்கினால் திரும்ப விரிக்க வேண்டும், இரும்பு மாத்திரையை நிறுத்தக் கூடாது, பின்னால் அந்த இடத்தில் புற்று வரவும் கூடும், அதனால் அப்பப்ப டாக்டரிடம் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்கிறார்கள்.

அவளுக்குச் சுகமில்லை என்று அப்பா எழுதியதைப் பார்த்துவிட்டு, சீக்காளியைப் பாச்சலூருக்கு அவள் அம்மா வீட்டுக்கே அனுப்பிவிடுங்கள் என்று அப்பாவுக்கு எழுதியிருக்கிறாய். அவளிடம் நாங்கள் சொல்லவில்லை. அனுப்பவும் மாட்டேன். லீவு போட்டுவிட்டு வெரசா வா. அவளுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடு, ஒரு கவளம் சோற்றை இறக்க அவள் என்ன பாடுபடுகிறாள் என்று பார், பார்த்தபிறகும் அனுப்பச் சொல்வதானால் என் முகத்தைப் பார்த்துச் சொல்.

முருகன் உனக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுளும் கொடுக்கட்டும். அவளுக்கு ஒரு வரி எழுது, அவள் பேருக்கே எழுது.

உன் அம்மா
சின்னத்தாயி