ஆறிய எஞ்சின்

பிப்ரவரி 11

அன்புள்ள கண்ணுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இன்றைக்கு வார்டே சிரிக்கும்படி என் மானம் போயிற்று. பாட்டில் மருந்து சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. பெட்ரோல் குழாய் அடைத்துக்கொண்ட வண்டி மாதிரி இருக்கிறதே என்று, பழக்கதோஷத்தில் குழாயிலிருந்த திருகை முழுசாகத் திறந்துவிட்டேன். நர்ஸம்மா ஓடி வந்தார்.

"அண்ணே, கையை எடுங்க! இது உங்க ஒர்க்‌ஷாப் இல்ல."

"அடைச்சிருக்கோன்னு பார்த்தேம்மா."

"அடைப்பெல்லாம் உங்க காதுலதான். அதை நாங்க பார்த்துக்கறோம்."

உன் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆபரேஷனுக்கு அப்புறம் அவள் சிரித்தது இப்போதுதான். மானம் போனால் போகட்டும்.

ஆக்ஸிலரேட்டர் ஒயரால் காது குடைந்த இந்தப் புத்திசாலிக்கு, காதில் பிடித்த சீழ் மூளைவரை போய்க் கட்டிக்கொண்டது. அதைத் துளைபோட்டு உறிஞ்சிவிட்டார்கள். மிச்சக் கிருமிக்குத்தான் இந்த மருந்து. மூளை வாசலில் காவல் கடுமையாம், சாதாரண அளவெல்லாம் உள்ளே போய்ச் சேராதாம். அதனால் நரம்பு வழியாக, பெரிய அளவில், ஆறு வாரம் ஏற்ற வேண்டும் என்கிறார் டாக்டரம்மா. என் மண்டைக்குள் களவு போக என்ன இருக்கிறது என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

காய்ச்சல் விட்டுவிட்டது, தலைவலியும் இல்லை. நாளை மறுநாள் 'என் பொறுப்பில் போகிறேன்' என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகப்போகிறேன். ஓடுகிற வண்டிக்கு எதற்கு ஸ்பேனர்?

காதில் கட்டு இருப்பதால் போன் பேச முடியாது. இதை அம்மா படம் எடுத்து அனுப்புவாள்.

அன்புடன்,
அப்பா

பிப்ரவரி 12

அன்புள்ள அப்பா,

கையெழுத்துப் போட்டீர்களானால் உங்களோடு பேசவே மாட்டேன்.

பட்டறையில் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள்! ரிப்பேர் முடிந்து வண்டி ஜம்மென்று ஓடும். ஆள் சாவிக்குக் கையை நீட்டுவார். "காலைல வாங்க சார். சூட்டுல எந்த வண்டியும் ஓடும். ஆறின எஞ்சின் முதல் உதையில கிளம்பினாத்தான் சாவி" என்பீர்களே. உங்களுக்கு மட்டும் வேறு சட்டமா? காய்ச்சல் நின்றதும் மருந்தை நிறுத்தினால், ஒளிந்திருக்கும் கிருமி மறுபடி தலைதூக்கும். அப்போது இதே மருந்து கேட்காமலும் போகலாம். உங்கள் சாவி டாக்டரம்மாவிடமே இருக்கட்டும்.

இன்னொன்று. ஆபரேஷனுக்கு முன்னால் போனில் என்னைக் "கண்ணு, கண்ணு" என்றீர்கள். இந்தக் கடிதத்திலும் அதேதான். இத்தனை வருஷத்தில் இல்லாத செல்லம்! கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் நிறுத்தாதீர்கள்.

லீவு கிடைத்ததும் ஓடி வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் மகள்

மார்ச் 25

என் மகளுக்கு,

டாக்டரம்மா இன்று ஸ்கேனைப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டார். நர்ஸம்மா வழியனுப்பியது இப்படி: "அண்ணே, இனிமே ஒயரோட காதுப்பக்கம் கை போச்சுன்னா, வீடு தேடி வந்து அடிப்பேன்."

வலது காது மந்தம்தான். அம்மா அந்தப் பக்கம் உட்கார்ந்து திட்டினால் நன்றாயிருக்கும். அவளோ விவரமாக இடப்பக்கம் வந்து உட்காருகிறாள்.

அந்தக் "கண்ணு" விஷயம். அன்றைக்குப் போனில் உன் குரல் அடையாளம் தெரிந்தது. பல் முளைக்கும் வயதில் நீ பத்தாம் நம்பர் ஸ்பேனரைக் கடித்துக்கொண்டு திரிந்ததுகூட ஞாபகம் வந்தது. உன் பெயர் மட்டும் வரவில்லை. முதல் கடிதம் எழுதும்போதும் வரவில்லை. அம்மாவிடம் கேட்கப் பயம். உன் பழைய டிபன் பாக்ஸ் மூடியில் பெயர் பொறித்திருக்குமே, வீட்டுக்குப் போனால் யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் அவ்வளவு அவசரப்பட்டேன். களவு போக ஒன்றுமில்லை என்று ஜோக் அடித்தவன்!

நீ எழுதியதைப் படித்துவிட்டு அடங்கிப் படுத்தேன். மருந்து ஏறிக்கொண்டே இருந்தது. ஒரு நாள் காலையில் உன் பெயர் தானாக வந்தது. நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அன்றிலிருந்து தினமும் தூக்கம் கலைந்ததும், கண்ணைத் திறப்பதற்கு முன்னால், உதடு அசையாமல் உன் பெயரைச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதல் உதையிலேயே கிளம்பிவிடுகிறது.

அப்பா