மிஸ்கோல் பதிலாகாது

மச்சான்,

இன்று காலை உன் நம்பரிலிருந்து எனக்கு ஒரு மிஸ்கோல் வந்தது. திரையில் உன் பெயர், மாமாங்கத் திருவிழாவில் நீ பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும் படம். ஒரு தடவை அடித்து நின்றது. உன் மனைவிதான். உன் போனை அவள் இன்னும் வைத்திருக்கிறாள். ஒரு தடவை அடித்தால், வீட்டுக்கு வந்துவிட்டுப் போங்கள் என்று அர்த்தம். போய்த் திரும்பியதும் நான் ஒன்று அடிப்பேன், சேர்ந்துவிட்டேன் என்று. அவள் ஒன்று திருப்பி அடிப்பாள், சரி என்று.

நம் பக்கத்தில் இதை யாருக்கும் எழுதித் தரத் தேவையில்லை. வாவியில் தோணி திரும்பும்போது ஒரு மிஸ்கோல் அடித்தால் வீட்டுக்காரி கூடையோடு கரைக்கு வந்துவிடுவாள். வருவாயா என்று கேட்டவனுக்கு ஒரு மிஸ்கோல் அடித்தால், ஓம், வாறன். உனக்கு மட்டும் அது பிடிக்காது.

வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் ஒன்றாகப் படித்தோம். ஒரே கம்பனியில் பக்கத்துப் பக்கத்து மேசை. ஏஐ முகவர்களுக்குக் கருவி விளக்கம் எழுதுவது நம் வேலை. முகவர் என்ற அந்த மென்பொருள் நம் ஊரைக் கண்டதில்லை. இந்தக் கருவி எதற்கு, எப்போது பயன்படுத்தலாம், எப்போது கூடாது என்று நாம் எழுதியதை வாசித்து அப்படியே செய்யும். நான் எழுதியதை நீ எழுந்து நின்று எல்லோருக்கும் கேட்க வாசிப்பாய். "இத வாசிச்சா அது என்ன செய்யும்? உன்னப் போல முழிக்கும்." புதிதாக வந்த பெண் ஒருத்தி உன்னால் அழுதுகொண்டே வேலையை விட்டுப் போனாள். நீ தேநீர் குடித்துக்கொண்டிருந்தாய்.

பிறகு உன் சிறுநீரகம் கெட்டது. நீ இரத்தம் சுத்திகரிக்கப் போன அதே மருத்துவமனை, கட்டில் ஒதுக்கும் கருவிக்கு விளக்கம் எழுதக் கேட்டது. சுத்திகரிப்புக்கு முதல் நாள் பின்னேரம் முகவர் நோயாளிக்குச் செய்தி அனுப்பி, வருவீர்களா என்று கேட்கும். வருவதாகச் சொன்னால் கட்டில் அவருக்கு. இல்லாவிட்டால் காத்திருக்கும் அடுத்தவருக்கு.

"சனம் மிஸ்கோல் அடிக்குமே மச்சான், அதுக்கு என்ன எழுதுற?" என்று கேட்டேன்.

நீ சிரித்தாய். "அது ஒரு பதிலாடா? வாயத் திறந்து சொல்லாதவன் வரமாட்டான். சனத்தத் திருத்துவம்."

'மிஸ்கோல் பதிலாகாது. பதில் வராவிட்டால், வரமாட்டார் என்று கொள்ளவும்.' அவ்வளவுதான் எழுதினாய். சந்தேகத்துக்கு இடமே இல்லை. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

அந்தப் பின்னேரம் நீ காய்ச்சலில் உறங்கிக்கொண்டிருந்தாய். செய்தியைப் பார்த்த உன் மனைவி அந்த நம்பருக்கு ஒரு மிஸ்கோல் அடித்துவிட்டு, மறுநாள் போட உன் சட்டையை மடித்து வைத்தாள். நீ மருத்துவமனைக்குப் போனபோது உன் கட்டிலில் கதிரவெளியிலிருந்து வந்த ஒரு அம்மா படுத்திருந்தார். நாளைக்கு வரச் சொன்னார்கள். விடியும் முன் உன் இதயம் நின்றுவிட்டது.

அந்த அம்மா நன்றாக இருக்கிறார். "கடவுளாப் பாத்துத் தந்த கட்டில் மகன்" என்று என்னிடமே சொன்னார். கம்பனி விசாரித்தது. முகவரில் பிழையே இல்லை, உன் விளக்கத்தை ஒரு சொல் பிசகாமல் பின்பற்றியிருந்தது. மனேஜருக்குத் திருப்தி. நீ இருந்திருந்தால் உனக்கும் திருப்தியாகத்தான் இருந்திருக்கும், அதை நினைத்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. உன் வசனத்தை அழித்தேன். 'மிஸ்கோல் வந்தால் வருகிறார் என்று கொள்ளவும். சந்தேகமென்றால் அழைத்துக் கேட்கவும்' என்று எழுதினேன்.

இன்று உன் வீட்டில் உன் மனைவி தேநீரை வைத்துவிட்டு என் முன்னால் உட்கார்ந்தாள்.

"அண்ணா, நான் மிஸ்கோல் அடிச்சனான்தானே. அது காணல்லையா?"

"கண்டது தங்கச்சி. கணக்கெடுக்கல்ல."

"நான் என்னத்தான் ஏசிக்கொண்டு கிடக்கன். வாயத் திறந்து ஒரு சொல் சொல்லியிருந்தா மனிசன் இருந்திருக்கும்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கணக்கெடுக்காத எண்டு அதுக்குச் சொல்லிக் குடுத்த ஆரு? அவரா, நீங்களா?"

சுவரில் மாலைக்குள் நீ பல்லைக் காட்டிக்கொண்டிருந்தாய். நீ எனக்குச் செய்தது போல, எழுந்து நின்று உன் வசனத்தை உரக்க வாசிக்க வேண்டும் போல் இருந்தது. சத்தியமாக இருந்தது. ஆனால் தன்னை விட்டுவிட்டு ஏசுவதற்கு அவளுக்கு உயிரோடு ஒரு ஆள் தேவைப்பட்டது. உன்னை ஏசினால் அவளிடம் மிச்சம் என்ன இருக்கும்?

"நான்தான் எழுதின" என்றேன்.

நான் இன்னும் வாய் வைக்காத தேநீரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். "இனி வராதீங்க" என்று குரல் மட்டும் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போல உன் நம்பருக்கு ஒரு மிஸ்கோல் அடித்தேன். இருட்டும் வரை போனை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். அவள் திருப்பி அடிக்கவில்லை. பதில் வராவிட்டால் என்னவென்று கொள்ள வேண்டும் என்று நீதான் எழுதிவைத்திருக்கிறாயே. மருத்துவமனையிலிருந்து நான் அழித்த வசனம் இனி அந்த வீட்டில் என் பெயரில் இருக்கும். நன்றாகத்தான் எழுதினாய், நாசமாய்ப் போனவனே.