மடி கரைக்கு வரும்வரை

இஞ்சருங்கோ,

அப்பா கண் விழித்துவிட்டார். நீங்கள் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பதாகத் தாதி சொன்னார். நான் வெளியே வரமாட்டேன், அதனால்தான் எழுதுகிறேன்.

கரைவலை இழுக்கும்போது அப்பாவுக்கு வேர்த்துக் கொட்டியிருக்கிறது. "தாடையும் இடக்கையும் உளையுது, தம்பி" என்று வலைச் சொந்தக்காரரான உங்களிடம்தான் சொன்னாராம். "வாயுதான், மாமா. சோடா குடிச்சிட்டு இழுங்கோ. மீன் கிடக்கிற வலைமடி கரைக்கு வரட்டும்" என்றீர்களாம். "மருமோன்ர வலையெண்டா நோகத்தானே செய்யும்!" என்று உங்கள் ஆட்கள் சிரித்தார்களாம். பாதியில் கயிற்றை விடுவது நம் கரையில் வெட்கம். அவர் விழும்வரை இழுத்தார்.

நான் தேத்தண்ணியோடு வந்தபோது மணலில் கிடந்தார். அம்புலன்சை நான்தான் கூப்பிட்டேன். நீங்கள் அப்போதும் கயிற்றைப் பிடித்தபடி நின்றீர்கள்.

மாரடைப்பு. நோவு தொடங்கியதுமே கொண்டுவந்திருந்தால் இதயம் இவ்வளவு பழுதாகியிருக்காதாம். மீன் எவ்வளவு பட்டது என்று நான் கேட்கவில்லை.

நாளைக்கும் வலை வளைப்பீர்கள். அதற்கு முன் எல்லோரையும் கூட்டி, நெஞ்சோ கையோ தாடையோ நோகிறவன் உடனே கயிற்றை விடவேண்டும், அவனைப் பார்த்து ஒருவரும் சிரிக்கக்கூடாது என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். மாமாவை இழுக்கச் சொன்னது நீங்கள் என்பதையும் சொல்லுங்கள். பிறகு உள்ளே வாருங்கள்.

அதுவரை உங்கள் மனைவியல்ல,
அவருடைய மகள்