அடுப்படி வரை நீளும் ஒயர்

பாசமுள்ள அண்ணே,

கடையை மூடவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றதை நீ நிம்மதியாகக் கேட்க மாட்டாய். சங்கரன்கோவிலில் பழைய டெலிபோனைப் பழுதுபார்க்க இன்னும் நம் கடைதான். வாசுதேவநல்லூரிலிருந்துகூட ஆள் வருகிறார்கள்.

நீ பாதியில் விட்டுப்போன உன் வீட்டுக் கறுப்பு டெலிபோனை மதினி கேட்டார். "அது மணியடிச்சா வீட்டுல ஆள் இருக்கிற மாதிரி இருக்கும் தம்பி" என்றார். நீ கண்ணை மூடியதிலிருந்து செல்லில் யார் கூப்பிட்டாலும் இரண்டு வார்த்தையில் வைத்துவிடுகிறார், மகளிடம்கூட. இந்த வேலையாவது சரியாக அமைய வேண்டுமே என்று எனக்கு ஒரே கவலை.

உன் சட்டம் எனக்கு மறக்குமா? போன் எந்தக் காலமோ, ரிசீவர் ஒயரும் அந்தக் காலம். கறுப்பு டயல் போனுக்குத் துணி சுற்றிய நேர் ஒயர்தான். பிறகு வந்த பிளாஸ்டிக் சுருள் ஒயரை மாட்டினால், "வேட்டிக்கு டை கெட்டுன மாதிரி இருக்குலே" என்பாய்.

அலைந்து திரிந்து காப்பிக்கொட்டை நிறத்தில் துணி ஒயர் வாங்கி மாட்டினேன். பழைய போனிலும் செல் அழைப்பு வருவதற்கு, சிம் போடுகிற பெட்டியையும் இணைத்துக் கொண்டுபோய் வைத்தேன். மதினி ரிசீவரை எடுத்தார். காதில் வைக்கவே இல்லை.

"அழகாத்தான் இருக்கு தம்பி. ஆனா இது யாரு வீட்டு போனு? நம்ம போன்ல ஒயர் அடுப்படி வரைக்கும் வரும்லா."

எனக்குக் கோபம், உன் மேல்தான். சட்டம் போட்டவன் நீ, பதில் சொல்ல நீ இல்லை. கடைக்கு வந்து உன் ஒயர் டப்பாவைக் கவிழ்த்தேன். அடியில், பாலித்தீன் பையில், அந்தச் சுருள் ஒயர் இருந்தது. கல்யாணமான புதிதில் மதினிக்காக நீ மாட்டிக்கொடுத்தது, இழுத்து இழுத்துத் தொய்ந்திருந்தது. எந்த ஒயர் வந்தாலும் முதல் வேலையாகச் சோப்புப் போட்டுத் துடைக்கிறவன் நீ. இதில் மட்டும் மதினியின் மஞ்சள் விரல்கறையை அப்படியே விட்டிருந்தாய். திரும்ப மாட்டத்தான் வைத்திருந்தாயா அண்ணே? என்னிடம் சொல்ல வெட்கமா?

அதையே மாட்டினேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் மணியடித்தது. சென்னையிலிருந்து உன் மகள். மதினி ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு அடுப்படிக்குள் போனார். ஒயரும் கூடவே போனது.

"ஏட்டி, சாப்பிட்டியா? இரு, குழம்பு கொதிக்கு."

குழம்பை இறக்கிய பிறகும் பேச்சு முடியவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சந்தோஷத்தில்தான்.

கடையில் உன் சட்டம் அப்படியே இருக்கும். ஆனால் இனி ஒயரைத் தொடுமுன், "இதுல யாரு பேசுவாக?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வேன். உன் வீட்டு ஒயரில், நான் இருக்கும்வரை சோப்பு படாது.

ஒரே ஒரு ஒயரில் உன் சொல்லை மீறிய,
உன் தம்பி ஜெபராஜ்