முறைப்பலகை

அன்னெக்ரெட்,

ஹெட்விக் பெரியம்மாவுக்கு ஒரு வேக்குவம் கிளீனர் வாங்கக் கடைவீதிக்குச் செல்கிறேன். எடை மூன்று கிலோவுக்குள், விலை எண்பது யூரோவுக்குள் இருக்க வேண்டும். அந்தப் பழைய இரும்புப் பூதத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கியதால்தான் அவள் செவ்வாயன்று படியில் விழுந்தாள்; வயதினால் அல்ல.

மூன்று மணிக்கு, என்னைக் கேளாமல் நீ வரச்சொன்ன முதியோர் இல்லத்துப் பெண்மணி வருவார். காபி கொடு. நான் திரும்பும்வரை அவரை மாடிக்குப் பெரியம்மாவிடம் அனுப்பாதே.

பருப்பு சூப் அடுப்பில் இருக்கிறது. பெரியம்மாவுக்கு முதலில் கொண்டுபோய்க் கொடு. சாவி கையில் இருந்தாலும் மணியடித்துவிட்டே உள்ளே போ.

நேற்றுப் படியில் நின்றுகொண்டு, "பெரியம்மா எவ்வளவு சுத்தமா இருந்தாங்க! இனிமே அவங்களால முடியாதும்மா" என்றாய். அவள் கதவு திறந்திருந்தது. உயிரோடு இருப்பவரை இறந்த காலத்தில் பேசாதே.

அம்மா

பி.கு.: இந்த வாரம் படிக்கட்டைத் துடைக்கும் முறை எதிர்வீட்டுக்காரருடையது. முறை முடிந்ததும் அடுத்த வீட்டுக் கதவில் மாட்டிவிட வேண்டிய முறைப்பலகையோ இன்னும் பெரியம்மாவின் கதவிலேயே தொங்குகிறது. மறதி என்று அந்தப் பெண்மணியிடம் சொல்லிவிடாதே. காலையில் நானே கேட்டேன். "குடுத்துட்டா, அடுத்த முறை வர்றப்ப நான் இங்க இருப்பேனாடி?" என்றாள்.