கோயிலுக்குப் பின்னால் ஒரு வீடு

ஜூலை 14, திங்கள்

ஆடி பிறக்கும் முன்பே காற்று. வீடெல்லாம் மண். காலையும் மாலையும் பெருக்கியாயிற்று, இன்னும் காலில் நறநறவென்று. ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள் கட்டு அப்படியே கிடக்கிறது. முட்டிக்குத் தைலம் வாங்க வேண்டும்.

சாயங்காலம் சபைக் கமிட்டி கூடியது. எங்கள் வீட்டு முன்னறையில்தான். போதகர் வீடு என்றால் பாதி சபைக்குச் சொந்தம். காபி கொடுத்துவிட்டு அடுக்களைக் கதவோரம் நின்றேன். கல்யாண மண்டபம் கட்டுவது உறுதியாகிவிட்டது. செயலர் ஜெயசீலன் சாரின் தம்பி சிங்கப்பூரில் இருக்கிறார், முழுச் செலவும் அவருடையது. இடம்: கோயிலுக்குப் பின்னால், பாக்கியம் குடியிருக்கும் ஓட்டு வீடு.

பாக்கியத்தின் வீட்டுக்காரர் தேவதாஸ் கோயிலில் மணியடித்து, பெருக்கி, காவலும் பார்த்தவர். போன வருஷம் தவறிவிட்டார். பிள்ளைகள் இல்லை. காலையில் இட்லி அவித்து பஸ் ஸ்டாண்டு பக்கம் கொண்டுபோய் விற்கிறாள். அந்த வீட்டை விட்டால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது.

என் வீட்டுக்காரர் கேட்டார்: "அந்தம்மா எங்க போகும் சார்?"

"வீடா இல்ல ஐயா இந்த ஊர்ல? பூட்டிக் கெடக்குறதுதான் அதிகம்," என்றார் ஒருவர்.

சிரித்தார்கள். ஜெயசீலன் சார் மட்டும் சிரிக்கவில்லை. "எம் மக கல்யாணத்த வாடகை மண்டபத்துல வச்சேன். அடுத்த பார்ட்டி வந்துருச்சுன்னு பந்தியில உக்காந்தவுகள எந்திரிக்கச் சொல்லிட்டாக. இலையில சோறு அப்படியே கெடக்கு. அன்னைக்கு எம் முகம் எங்க போச்சு? இவ்வளவு பெரிய பெரிய வீடு இருக்குற ஊர்ல நம்ம சனத்துக்குன்னு ஒரு கூரை வேணாமா?"

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

ஜூலை 16, புதன்

பகலெல்லாம் கரண்ட் இல்லை. மாவு அரைக்கவில்லை. ரவை உப்புமா. மகள் ஜெபா தட்டைத் தள்ளிவிட்டாள். பன்னிரண்டாம் வகுப்பு, எதற்கெடுத்தாலும் கோபம்.

இவர் பைபிளைத் திறந்து எரேமியாவில் உட்கார்ந்துவிட்டார். இந்த ஞாயிறும் அடுத்த ஞாயிறும் கோயிலில் வாசிக்கும் பாடம் அந்தத் தீர்க்கதரிசிதான். யாருக்கும் பிடிக்காததையே வாழ்நாள் முழுக்கச் சொல்லிச் சேற்றுக் கிணற்றில் கிடந்த மனிதர். பாடத்தைப் பார்த்ததும் இவர் என்ன எழுதுவார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஜூலை 18, வெள்ளி

பிரசங்கத்தை எழுதி முடித்து வழக்கம்போல என்னிடம் படிக்கக் கொடுத்தார். எழுத்துப் பிழை பார்ப்பது என் வேலை.

முதல் பக்கங்கள் சரி. கடவுள் எரேமியாவைக் கோயில் வாசலில் போய் நிற்கச் சொல்கிறார். உள்ளே போகிறவர்களிடம், இது ஆண்டவருடைய கோயில் என்று சொல்லிக்கொண்டால் மட்டும் போதாது, அவர் சொல்வதைக் கேட்டு நடங்கள் என்று சொல்லச் சொல்கிறார். அதுவரை யாருக்கும் உறைக்காது. கடைசிப் பக்கம்தான் வினை. கேட்டு நடப்பது என்றால் என்ன? விதவையை ஒடுக்காமல் இருப்பது. அப்புறம் நேராகவே எழுதியிருக்கிறார்: நம் கோயிலுக்குப் பின்னால் ஒரு விதவை இருக்கிறாள்.

"இத வாசிக்கப் போறீங்களா?"

"வாசிக்கத்தானே எழுதினேன்."

"மேலிடத்துல சொல்லி மாத்தல் போட்டுடுவாங்க. ஜெபாவுக்குப் பரீட்சை வருஷம். எனக்கு இனிமே சாமான் கட்ட முடியாதுங்க. சத்தியமா முடியாது."

நான் பென்சிலை எடுத்தேன். கடைசிப் பக்கத்தில் மேலிருந்து கீழே ஒரே கோடு. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். தடுக்கவில்லை. களைப்பு அவருக்கும்தான்.

ஜூலை 20, ஞாயிறு

கோடு போட்டது போக மிச்சத்தை வாசித்தார். கடவுளுக்குக் கீழ்ப்படிய வேண்டும், உண்மையாக இருக்க வேண்டும். நல்ல குரல். எல்லாரும் தலையாட்டினார்கள். வாசலில் ஜெயசீலன் சார் இவர் கையைப் பிடித்து விடவே இல்லை. "அருமையான செய்தி ஐயா. கீழ்ப்படிதல் இல்லாம சபை எப்படி வளரும்?"

மதியம் ஆட்டுக்கறி. இவர் சாப்பிடவில்லை. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்.

ஜூலை 21, திங்கள்

பள்ளி விட்டு வரும்போது டேப் பிடித்து இடம் அளந்துகொண்டிருந்தார்கள். பாக்கியத்தின் துணிக்கொடியை அவிழ்த்துச் சுருட்டி ஓரமாகப் போட்டிருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் அவளே வந்தாள், பின்வாசல் வழியாக. கையில் ஒரு தூக்கு, சாம்பார். எதையாவது கொடுக்காமல் பேச்சை ஆரம்பிக்க மாட்டாள்.

"நான் போயிர்றேம்மா. கோவிலூர்ப் பக்கம் ஒரு ரூம் சொல்லி வச்சிருக்கேன். அங்க இட்லி ஓடுமான்னு தெரியல. பாப்போம்."

"யாராவது போகச் சொன்னாங்களா?"

"யாரும் சொல்லலம்மா. சாமி காரியத்துக்கு எடம் கேக்குறாக. மாட்டேன்னு மல்லுக்கட்டுனா கர்த்தருக்குக் கீழ்ப்படியாத மாதிரி ஆயிரும்ல? ஞாத்திக்கெழம ஐயா அதத்தான சொன்னாக. எனக்குத்தான் சொல்றாகன்னு நெனச்சேன். மனசு லேசாயிருச்சும்மா."

தூக்கை வாங்கிக் கழுவிக் கொடுத்தேன். "இன்னும் ஒரு வாரம் பொறு பாக்கியம்," என்று மட்டும் சொன்னேன். எதற்கு ஒரு வாரம் என்று அவள் கேட்கவில்லை.

நான் வெட்டியதுதான் அவளுக்குப் போகவேண்டிய பகுதி. மிச்சம் போய் அவள் கழுத்தில் விழுந்திருக்கிறது.

ஜூலை 22, செவ்வாய்

அவரிடம் சொன்னேன், பாக்கியம் பேசியதை ஒரு வார்த்தை விடாமல். அவர் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். ஊசியை அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அடுத்த பாடம் என்னன்னு தெரியுமா? எரேமியா எழுதிக் குடுத்த சுருளை ராஜா கத்தியால வெட்டி வெட்டி நெருப்புல போடுறான்."

"அப்புறம்?"

"திரும்ப எழுதச் சொல்றார் கடவுள். எழுதுறாங்க. முன்னைவிட அதிகமா."

ராஜாவின் கத்தி. என் பென்சில். அவர் குத்திக்காட்டவில்லை, அது அவர் சுபாவமும் இல்லை. எனக்கே குத்தியது. அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்து ரப்பரால் அழித்தேன். கோடு முழுதாகப் போகவில்லை. "படிக்க முடியுதா?" என்றேன். "முடியுது," என்றார்.

ஜெபாவுக்குக் காய்ச்சல் மாதிரி இருக்கிறது. மாத்திரை கொடுத்தேன்.

ஜூலை 27, ஞாயிறு

வாசித்தார். முழுதும். பாக்கியத்தின் பெயரைச் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை. "போன வாரம் ஒரு பக்கத்தை விட்டுட்டேன். பயம். அதனால ஒரு ஏழை, தன் வீட்டை விட்டுப் போறதுதான் கடவுளுக்குக் கீழ்ப்படியறதுன்னு நெனச்சுட்டாங்க. கீழ்ப்படிய வேண்டியது அவங்க இல்ல. நாம." அவ்வளவுதான். கத்தவில்லை.

ஃபேன் சத்தம்தான் கேட்டது. ஜெயசீலன் சார் எழுந்து நடு வழியாகவே வெளியே போனார். அவர் பின்னால் இன்னும் சிலர். பாக்கியம் கடைசி வரிசையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தலை குனிந்திருந்தாள். காணிக்கைப் பாட்டை நான்தான் ஆரம்பித்தேன், யாரும் ஆரம்பிக்காததால். சுருதி எங்கேயோ போயிற்று.

வாசலில் கை கொடுக்க ஆளே இல்லை. ஜெபா முன்னாலேயே வீட்டுக்கு ஓடிவிட்டாள்.

ஜூலை 30, புதன்

தூறல். மண் வாசனை வந்ததோடு சரி.

ஜெயசீலன் சார் வீட்டம்மாவைக் கடையில் பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்தேன். கிட்டே வந்தார். "சிங்கப்பூர்க்காரர் ஒண்ணும் வேணாம்னுட்டாக. இவுக சரியாச் சாப்புடுறதில்ல. ஐயா மேல கொலைக் கோவம்." பிறகு வெங்காயத்தைப் பொறுக்கிக்கொண்டே, குரலைத் தாழ்த்தி, "பாக்கியத்த அங்கயே இருக்கச் சொல்லுங்க," என்றார்.

மண்டபம் இல்லை. பாக்கியம் துணிக்கொடியை மறுபடி கட்டியிருக்கிறாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மாற்றல். தேனிப் பக்கம் ஒரு மலையடிவாரத்து ஊர். மாதக் கடைசிக்குள் பொறுப்பேற்க வேண்டுமாம். மேலிடத்திலிருந்து போனில் சொன்னவர் காரணம் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டுக் கொல்லையில் போய் நின்றார். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.

ஜெபா கத்தினாள். "எல்லாருக்கும் நியாயம் பாப்பீங்க, எனக்கு மட்டும் பாக்க மாட்டீங்க." கதவு அடித்துச் சாத்தல். அவர் கதவுக்கு வெளியே நின்று, "ஆமாம்மா, உனக்குக் கஷ்டம்தான்," என்றார்.

பள்ளிக்கூடத்தில் நான் வேலையை விடுவதாக எழுதிக் கொடுக்க வேண்டும். ஜெபாவுக்காக ஹாஸ்டலில் விசாரித்தேன், இந்த வருஷம் இடம் இல்லை. எனக்குக் கோபம் வருமென்று காத்திருந்தேன். வரவில்லை. தூக்கம்தான் வருகிறது.

ஆகஸ்ட் 6, புதன்

அட்டைப்பெட்டி கேட்டுக் கடைக்குப் போகவேண்டும். போகவில்லை.

சாயங்காலம், இவரும் வீட்டில் இருக்கும்போது, பாக்கியம் வந்தாள். இன்று கையில் ஒன்றும் இல்லை. நிலைப்படியிலேயே நின்றாள்.

"ஏம்மா, நான் அன்னைக்கே போயிருந்தா உங்களுக்கு இந்த மாத்தல் வந்திருக்காதுல்ல?"

அப்படியெல்லாம் இல்லை என்று வாய் வரை வந்துவிட்டது. சொல்ல முடியவில்லை. "வந்திருக்காது," என்றேன். "ஆனா நீ போயிருந்தா இவரால அந்தப் பீடத்துல ஏறி நின்னுருக்க முடியாது. என்னால இந்த வீட்டுல இருந்திருக்கவும் முடியாது."

அவள் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்து அழுதாள். நானும் உட்கார்ந்தேன். முட்டி மடங்கவில்லை, அவள்தான் பிடித்து உட்காரவைத்தாள்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அப்ப ஜெபா பாப்பா எங்கிட்ட இருக்கட்டும். பரிச்சை முடியுற மட்டும். நீங்க அங்குட்டுப் போங்க. நான் பாத்துக்கிறேன்."

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். நாங்கள் எதுவும் சொல்வதற்குள் உள் அறைக் கதவு திறந்தது. நேற்றிலிருந்து யாருடனும் பேசாத பெண், முகமெல்லாம் வீங்கி, வந்து நின்றாள்.

"அக்கா, உங்க வீட்டுல ஃபேன் இருக்கா?"

"டேபிள் ஃபேன் இருக்கு பாப்பா. கொஞ்சம் சத்தம் போடும்."